பறவை வீட்டுக்கு ஜாமீன்

ஐம்பத்து நான்கு வயதில் செய்கிற முதல் குற்றத்தை இவ்வளவு சிரத்தையாகவா செய்ய வேண்டும்? இந்த வயதில் மற்றவர்கள் கேக் வகுப்புக்குப் போகிறார்கள்.

குவாட் எங் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடிதத்தின் மீது மறுபடி குனிந்தாள். மலேசியாவின் தெலுக் இந்தான் ஊரில் அவள் வேலை பார்க்கும் எழுதுபொருள் கடையில் மத்தியானத்தில் ஆள் வராது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மேசையில் கறுப்புப் பேனா, வெள்ளைத் திருத்த மை, உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் இருந்தன.

திவால் இலாகாவிலிருந்து வந்த கடிதம் அது. அவளுடைய திவால் நிலை எந்தத் தேதியோடு முடிகிறது என்று இரண்டு வரியில் சொல்லியது. மாற்ற வேண்டியது வருடத்தின் கடைசி எண் ஒன்றைத்தான். பழைய நாளிதழின் ஓரத்தில் நாற்பது முறை எழுதிப் பழகியிருந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணை மாற்றினாள். நகல் இயந்திரத்தில் வைத்து ஒரு பிரதி எடுத்தாள். மை உலர்ந்த தடம்கூடத் தெரியவில்லை. எழுதுபொருள் கடையில் இருபது வருடம் இருந்ததற்கு இதுதான் பலன்.

இது வங்கிக்காரன் கையில் கிடைத்தால் மாட்டிக்கொள்வாள். தம்பி கையில் கிடைத்தால் மாட்டமாட்டாள். பூன் தேக் எதையும் சரிபார்ப்பவன் அல்ல. சரிபார்ப்பவனாக இருந்தால் பறவை வீடு கட்டியிருப்பானா?

ஆற்றோரத்தில், சன்னலே இல்லாமல் நான்கு மாடி. உழவாரக் குருவிகள் வந்து கூடு கட்டும், கூடுகளைச் சூப் வைக்க ஹாங்காங்கில் கிலோ கணக்கில் வாங்குவார்கள் என்றான். இரவும் பகலும் ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டான். குருவிகள் வரவில்லை. வங்கிக்காரர்கள் வந்தார்கள். கம்பெனி மச்சினன் பேரில் இருந்தது, வீடு மனைவி பேரில் இருந்தது. ஜாமீன் அக்கா பேரில் இருந்தது.

அவளுடைய இரண்டறை வீடு ஏலம் போனது. ஆறு வருடமாகச் சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் இலாகாவுக்குப் போனது. பக்கத்து நாட்டுக்கு ஒரு நடை போய்வரக்கூட மனுப் போட வேண்டியிருந்தது. திவால் முடியும்வரை யாருக்கும் ஜாமீன் நிற்கவும் கூடாது. இன்னொரு தடவை மூழ்கினால் எழுந்து நிற்க அவளுக்கு வயதில்லை.

தெரிந்தும், இதையும் அவனுக்காகத்தானே செய்கிறாய் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். அவன் கேட்டு அவள் மறுத்ததே இல்லை. 'முடியாது' என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும். அங்கிருந்து எச்சிலோடு இறங்கிவிடும்.

நேற்று தொலைபேசியில், "இந்த வருஷத்தோட முடியுதுன்னு சொன்னியே, கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டான்.

"வந்திருக்கு. வா, காட்டுறேன்" என்றாள்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். கையில் அரிசிமாவுச் சுருள் பொட்டலம்.

"அக்கா, சாப்டியா? சீ சியோங் ஃபன். உனக்குப் பிடிச்ச மாதிரி எறா போட்டுச் சுருட்டச் சொன்னேன்."

"கடைசியா நீ இத வாங்கிட்டு வந்து ஆறு வருஷம் ஆச்சு."

"பாரேன், தம்பி மேல எவ்வளவு பாசம்! நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இந்தத் தடவ தப்பே நடக்காது. இந்தோனேசியாவுலேர்ந்து புது ஒலிப்பதிவு வாங்கிருக்கேன். பெட்டைக் குருவி கூப்பிடுற சத்தம். கேட்டா எனக்கே போய்க் கூடு கட்டணும்போல இருக்கு."

"நீயே கட்டிடேன். கடனும் வேணாம், ஜாமீனும் வேணாம்."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே வங்கிப் படிவத்தை விரித்தான்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டே கையெழுத்து. கடுதாசியக் குடு, சேத்து வச்சுத் தச்சிடலாம்."

எடுத்துக் கொடுத்தாள். சிறையில் பெண்களுக்கு என்ன நிறத்தில் உடுப்பு கொடுப்பார்கள்? மஞ்சளாக இருந்தால் அவளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

பூன் தேக் ஒரு முறை படித்தான். தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி இன்னொரு முறை படித்தான். அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுப்பறைக்குள் மெல்லத் தள்ளினாள்.

"என்னக்கா இது? ரெண்டாயிரத்து இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு!"

"ஆமா."

"இன்னும் அஞ்சு வருஷமா? என்ன அநியாயம்! நீ போய்ச் சண்ட போடலியா?"

"அரசாங்கத்தோட யாருடா சண்ட போடுறது?"

அவன் பொட்டலத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டான். வீணாகிவிட்டதே என்ற பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பரவால்ல. வங்கியில எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். திவால் கிவால்னு நோண்டாம விட்டுடுவான். நீ பாட்டுக்குப் போடு. நான் உன் தம்பி, அக்கா."

பேனாவை அவள் கைக்குள் திணித்தான். அவள் அதை மூடி, படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"முடியாது தம்பி" என்றாள் மெதுவாக. "சட்டத்த மீற எனக்குத் தைரியம் பத்தாது."

அரசாங்கம் அவளை இந்த மார்ச் மாதமே விடுவித்துவிட்டது; தம்பியிடமிருந்து விடுபடத்தான், இருபத்து மூன்றை இருபத்தெட்டாக்கி அவளே தனக்கு இன்னும் ஐந்து வருடம் போட்டுக்கொண்டிருந்தாள்.