விலகாத எலும்பு

விலகாத எலும்பை எதற்கு இழுக்க வேண்டும்?

திருச்சி அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அவள் திரையை முறைத்தாள். அமெரிக்காவில் யாரோ ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். எலும்பு இம்மியும் விலகவில்லை என்கிறது எக்ஸ்ரே. 'எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டேன்' என்கிறார் டாக்டர்.

டாக்டர் எழுதிய சிகிச்சையை இன்சூரன்ஸ் பில்லுக்கான கோட் எண்ணாக மாற்றுவது அவள் வேலை. வெறும் மாவுக்கட்டுக்கு ஒரு கோட். இழுத்துச் சேர்த்திருந்தால் வேறு கோட். டாக்டருக்கு அதில் வரும்படி அதிகம்.

இந்த மாதம் இது ஐந்தாவது மணிக்கட்டு. ஐந்திலும் அதே டாக்டர், அச்சுப் பிசகாமல் அதே வரி.

முதல் இரண்டுக்கும் வெறும் மாவுக்கட்டு என்றே அவள் கோட் போட்டாள். ஆடிட் பார்க்கும் அருளப்பன் இரண்டையும் தப்பு என்று அடித்தார். மூன்றாவது தப்புக்கு வேலை போய்விடும்.

"டாக்டர் எழுதுனதப் போடும்மா. நீ என்ன போலீஸா?"

அடுத்த இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டர் சொன்னபடியே போட்டாள்.

இன்று மனசு கேட்கவில்லை.

சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே எழுதிக் கேட்கலாம். ஆனால் பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது. இழுத்தீர்களா என்று கேட்பது தப்பு. என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

கேட்டாள். அந்த அம்மாளைப் பற்றி இல்லை.

அதே நாளில் இன்னொருவரும் மணிக்கட்டு வலி என்று வந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தபின் காத்திருந்து அலுத்துப்போய், டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டதாக நர்ஸ் குறித்திருந்தார்.

இவருக்கு என்ன செய்தீர்கள்?

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது.

'எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டேன்.'

அவளுக்கு ஒரே குஷி. வேலை தப்பித்தது. ஓடிப்போய் அருளப்பனை அழைத்து வந்தாள். நர்ஸின் குறிப்பையும் பக்கத்திலேயே திறந்து காட்டினாள்.

அவர் இரண்டையும் நிதானமாகப் படித்தார். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத வேற யார்கிட்டயாச்சும் காட்டுனியா?"

அதுவரை அவள் டாக்டரை மட்டும்தான் சந்தேகப்பட்டிருந்தாள்.

"ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டுட்டேன் சார்" என்றாள்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் முதல் வேலையாக அந்த மெயிலைப் போட வேண்டும்.