எரியாத பள்ளம்

மூன்று வருடங்களுக்கு முன்பு எரிந்து அணைந்த மலையைக் கணினியில் மறுபடியும் பற்றவைத்தாள் பியூலா. சரிவு, காய்ந்த புல், அன்றைய காற்று எல்லாம் கொடுத்தாகிவிட்டது. திரையில் ஓடும் தீ நிஜத் தீயின் தடத்திலேயே போனால்தான், அடுத்த கோடையில் அதை நம்பி ஆட்களை மலையேற்ற முடியும். தீ கொஞ்சமும் பிசகாமல் ஏறி வந்தது. ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் மட்டும் தயங்கி, விலகிப் போய்விட்டது. நிஜத்தில் அந்தப் பள்ளமும் எரிந்தது. அதற்குள் ஒதுங்கிய வனக்காப்பாளர் சாலமோன், அவள் கணவன், திரும்பி வரவில்லை. அனுபவம் உள்ளவர் அங்கே போய் இறங்கலாமா என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள்.

"எத்தனை தரம் ஓட்டினாலும் பள்ளம் பச்சையாவே நிக்குது சார்."

"ஓடைக்குள்ள காத்து சுழட்டி அடிச்சிருக்கும்மா. அத நாம கொடுக்கல" என்றார் தலைமை ஆய்வாளர் வைரவன். "இப்படியே விட்டா, நாளைக்கு இந்தக் கணினி ஆட்கள அங்கதான் ஒதுங்கச் சொல்லும். நீ எழுந்திரு, நான் மாத்துறேன்."

"இருங்க சார். இன்னும் ஒரே ஒரு தரம் இப்படியே ஓடட்டும்."

தீ ஏறி வந்தது. விளிம்பில் தயங்கியது. இத்தனை கணக்குத் தெரிந்த இந்தக் கணினியும் அவரைப் போல அங்கேதான் இறங்கியிருக்கும். மலை முழுதும் கருகி முடியும்வரை அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தானே ஓடைக்குள் காற்றைத் திறந்துவிட்டாள்.