அடுப்புல பால்

மூன்றாவது தடவையாக அதே காட்சியை, முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்து அதிர்ந்தாள் அவள்.

நாற்பது எபிசோடாக நினைவு தப்பிக் கிடந்த சீரியல் கதாநாயகி இன்றைக்குத்தான் கண் விழித்து, புருஷனைப் பார்த்து "யார் நீ?" என்கிறாள். அவ்வளவுதான் சமாச்சாரம். அதற்கு இவள் வாயைப் பொத்த வேண்டும். கண் கலங்க வேண்டும். கலங்கியது கன்னம் வரை வழிய வேண்டும்.

"துடைக்காதே, துடைக்காதே... ஆங், அப்படியே இரு" என்றான் வீட்டுக்காரன், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. மணப்பெண்ணை எந்த இடத்தில் அழவைக்கலாம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கல்யாண வேலை குறைந்ததும், பெண்டாட்டியைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, எதிரே டிவியைப் போட்டு, அவள் சீரியல் பார்க்கும் முகத்தைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தான். ஜனங்கள் சீரியலை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது!

ஜன்னலில் தடித்த போர்வையை ஆணியடித்திருந்தான். வெளியே கேட்கும் சத்தம் உள்ளே வரக்கூடாதாம். வாசல் சாவி அவன் பையில். போனும் அவனிடம்தான். அவள் தெருவில் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. "வெளிய போனா ஜனங்க மொய்ச்சிடுவாங்க, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பான். எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், அவளுடைய இடது தோளுக்கும் தெரியும்.

சரி, வீடியோவிலேயே நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்றால், ஒவ்வொரு நொடியையும் வெட்டி ஒட்டுகிறவனும் அவனே.

அதனால்தான் அந்த வார்த்தை.

முதலில் ஒரு காமெடி எபிசோடில் சொன்னாள். வீட்டு ஓனருக்குப் பயந்து தண்ணீர் டிரம்முக்குள் ஒளிந்தவன் தும்மி மாட்டிக்கொள்கிறான். இவள் நெஞ்சில் கை வைத்து, "ஐயையோ, அடுப்புல பால்!" என்றாள்.

வீட்டுக்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஜனமும் சிரித்தது.

அன்றிலிருந்து சீரியலில் கொலை விழுந்தாலும் அடுப்புல பால், கல்யாணம் நின்றாலும் அடுப்புல பால். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி ஓடுகிறார்களாம். ரிங்டோன்கூட வந்துவிட்டதாம். வீட்டுக்காரன் விடுவானா? காபிக் கோப்பையில் அச்சடித்து விற்றான். அவளுக்கே 'பால் அக்கா' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு என்ன அர்த்தம் என்பது இந்த உலகத்தில் இன்னும் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதில் அக்காவும் இவளும் சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். கன்னத்தைக் கிள்ளி எடுக்கும் பெரியப்பா, விட்டால் பொழுது சாயும்வரை அறுக்கும் அத்தை. தாங்கமுடியாமல் இவள், "அக்கா, அடுப்புல பால்" என்பாள். அக்கா உடனே, "செருப்பை மாட்டு" என்பாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் தெருவில் இருப்பார்கள்.

ஆனால் அந்த மகராசிக்கு சீரியல் என்றாலே ஆகாது. டிவி ஓடுகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். "உங்க தங்கச்சி இப்போ பெரிய ஆளு, உங்ககூடப் பேச அவளுக்கு இஷ்டமில்லையாம்" என்று வீட்டுக்காரன் ஒரு நாள் போனில் சொல்லிவைத்தான். அவளும் ரோஷக்காரி. அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதமாக இவள் கூப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரே கேட்டுக் கைதட்டுகிறது.

அழுகை முடிந்தது. அடுத்து காமெடி எபிசோடு. நடுவில் நேற்றைய வீடியோவுக்கு வந்த கமெண்டுகளை அவன் வாசிப்பான், இவள் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கென்று தனிக் கூட்டமே இருக்கிறது.

"'பால் அக்கா, உங்க அழுகைதான் அழுகை.' சிரி. 'எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்போ அடுப்புல பால்தான்.' ம், சிரி. அட, இதைப் பாரேன், போட்டோகூட இல்லாத ஆளு. 'ஒருத்தர் கையில கோப்பையைப் பார்த்துட்டு, இன்னிக்குத்தான் உங்க வீடியோ எல்லாத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். செருப்பை மாட்டு.'"

அவன் முகம் சுளித்தான். "என்ன கண்றாவி இது? செருப்பால அடிப்பேங்குதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து பீறிட்டு வந்தது. மூச்சு முட்டியது, மூக்கில் நீர் வந்தது, அடக்க அடக்க நிற்கவில்லை. எட்டு மாதத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

அவன் கேமராவை நிறுத்தினான்.

"என்னடி சிரிப்பு இது? ஒரே நடிப்பா இருக்கு. அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம். இந்தத் தடவையாவது உண்மையா சிரி."

"சரிங்க" என்றாள்.

அவன் விளக்கைத் திருப்பிவைக்கப் போன நேரத்தில், அவள் கால் கட்டிலுக்கடியில் மெல்லத் துழாவியது. தூசி படிந்த ஒரு செருப்பு விரலில் தட்டுப்பட்டது. இன்னொன்றுக்காகக் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினாள்.