இருபது வருஷ சர்வீஸ்

“புஷ்பராணி அம்மா, போன கட் பண்ணக் கூடாது. அந்த ரூம விட்டு நகரவும் கூடாது. புரியுதா?”

“புரியுதுங்க சார்.” லகாட்டிலிருந்து பேசிய அந்தப் பெண்மணியின் குரல் நடுங்கியது. “ஆனா சத்தியமா எனக்கு ஒன்னும் தெரியாது சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்க பேர்ல போதைப்பொருள் கேஸ் இருக்கு. நான் இன்ஸ்பெக்டர் விக்னேஸ்வரன். இருபது வருஷ சர்வீஸ். குரல வச்சே பொய்யக் கண்டுபிடிச்சிருவேன்.”

“ஐயோ, உங்ககிட்டப் போய் நான் பொய் சொல்வேனா?” அவள் விசும்பினாள்.

அவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த ராஜு, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினான்.

பேசியவன் இன்ஸ்பெக்டருமில்லை, விக்னேஸ்வரனுமில்லை. அவன் ஜெலாப்பாங் ஊர்க்காரன் தீபன். சித்தியவான் பக்கம் கஸ்டமர் சர்வீஸ் வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு என்று ஆசை காட்டி அவனையும் இன்னும் பத்துப் பேரையும் கூட்டி வந்திருந்தார்கள்.

வந்து இறங்கிய இடம், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட தோட்டத்தில் ஒரு பழைய துரை பங்களா. இறங்கியதுமே ஐசி அடையாள அட்டையையும் கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டார்கள். சன்னல்களில் பலகை, கதவுக்கு வெளியே பூட்டு. ஊரை ஏமாற்றும் இந்த வேலை முடியாது என்று சொன்ன அன்று ராஜு விட்ட அறையில், தீபனுக்கு இடது காது இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

புஷ்பராணியிடம் தீபன் நேற்றே பேசிப் பயமுறுத்தியிருந்தான். இன்று கும்பலின் ஆள் ஒருவன் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு லகாட்டுக்குப் போய், அவள் நகைகளைப் ‘பாதுகாப்பாக’ வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் பங்களா வந்து சேரும்வரை அவள் யாரிடமும் விசாரித்துவிடாமல் போனிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அவள் அழ அழ, தீபனுக்கு அம்மா புனிதாவின் ஞாபகம் வந்தது. எப்படியாவது இவளுக்குச் சந்தேகம் வரட்டும் என்று துணிந்து உளறினான்.

“இந்த சார்ஜன் சொல்றத நல்லாக் கேளுங்கம்மா.”

இன்ஸ்பெக்டர் எப்படிக் கீழ்ப்பதவியில் இருக்கும் சார்ஜன் ஆனார் என்று கேளுங்கம்மா, கேளுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டது.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்ஜன்” என்றாள் அவள்.

ராஜு நாற்காலியை ஓங்கி உதைத்தான். தீபன் மேசையைப் பிடித்துக்கொண்டு சமாளித்தான். “இன்ஸ்பெக்டர்மா. வாய் தவறிருச்சு.”

“சரிங்க இன்ஸ்பெக்டர்.”

இப்படியும் ஒரு வெகுளி இருப்பாளா? தீபனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“சார், அங்க நெறைய பேர் பேசுற சத்தம் கேக்குதே. எல்லாருமே ஆபீசருங்களா?”

பேச்சை வளர்க்கச் சொல்லி ராஜு சைகை காட்டினான். “ஆமாம்மா. பத்துப் பேருக்கு மேல இருக்கோம்.”

“எல்லாரும் ஒரே ரூம்லயா? இந்த வெயில்ல வெந்து போயிருவீங்களே சார். சன்னலயாவது தெறந்து வச்சுக்கலாம்ல?”

“தெறக்க முடியாதும்மா.” உண்மை தானாக வந்து விழுந்தது. ராஜு முறைத்தான்.

“பாவம். சாப்பிட்டீங்களா சார்?”

இங்கே வந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “ம்” என்று மட்டும் சொன்னான்.

வெளியே கார் வந்து நின்றது. ராஜு ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தான்.

“லைன்லயே வச்சிரு லா. நகையப் பாத்துட்டு வாரேன். சொதப்புனே, இன்னொரு காதும் போயிரும்.”

கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழும் ஓசை கேட்டது.

பேசுவதெல்லாம் பதிவாகும். ராத்திரி போட்டுக் கேட்பார்கள். தெரிந்தும் தீபன் மேசைக்கடியில் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

“அம்மா, நான் போலீஸ் இல்லம்மா. கேஸும் இல்ல, ஒன்னும் இல்ல. நகைய வாங்கிட்டுப் போனவன் திருடன். எங்களையும் இங்க அடைச்சுத்தான் வச்சிருக்காங்க. நீங்க மொதல்ல போன வச்சிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுங்கம்மா!”

மறுமுனையில் விசும்பல் நின்றது. நடுக்கமும் நின்றது.

“தெரியும் தீபன்.”

இந்த அம்மாளிடம் அவன் தன் பெயரைச் சொன்னதே இல்லை.

“நேத்து நீ பேசினத உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மவனக் காணோம்னு ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டு அலைஞ்சிக்கிட்டிருந்தவங்க, முழுசாக் கேக்கறதுக்குள்ள அழுதுட்டாங்க. நகை வாங்க வந்தவன் காருக்குப் பின்னாலயே எம் பசங்க அங்க வந்துட்டாங்க.”

வெளியே ராஜு யாரையோ பார்த்துக் கத்தினான். தடதடவென்று ஓடிவரும் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

“எந்தப் பசங்கம்மா?”

“நான் ட்ரெய்னிங் குடுத்த போலீஸ் பசங்க. கதவுகிட்ட நிக்காத தம்பி, கீழ படு!”