ஐம்பது கிலோ

காலையில் வேனில் ஏறியவர்கள்: டிரைவர், ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் மனைவி, கல்யாணமாகிப் பத்து நாளான ஒரு ஜோடி, வழிகாட்டிப் பெண். சூரியகாந்தி வயல், ஏரி, பழைய டிராக்டர்களை நிறுத்தியிருக்கும் கொட்டகை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி இடம் விதை ஆலை. அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

"ஐம்பது கிலோ கூடுது" என்றார் எடைக்காரர், ஜன்னலில் தலையை நீட்டி. "வரும்போது ரெண்டாயிரத்து எண்ணூத்தி எழுபது. இப்ப ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது."

ஆலைக்குள் போகும் எந்த வண்டியும் எடைமேடையில் நின்றுதான் போக வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. மதியம் எடை எண் திரையில் விழுந்ததும் வழிகாட்டி இறங்கி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், கேட் திறந்தது. அங்கே ஆள் கணக்குக் கிடையாது, கிலோ கணக்குத்தான். விதை மூட்டை ஒன்று சரியாக ஐம்பது கிலோ.

தூசிக்காக உள்ளே கொடுத்த தொப்பியையும் மாஸ்க்கையும் யாரும் இன்னும் கழற்றவில்லை. கோழிகளுக்கு ஊசி போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் சேர்ந்திருக்கும்பா" என்றார் தபால்காரர்.

"ஐம்பது கிலோவா சாப்பிட்டீங்க, பெரியவரே?"

"இவரு சாப்பிடக்கூடிய ஆள்தான் தம்பி" என்றாள் அவர் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

எடைக்காரர் வேனுக்குள் ஏறினார். "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க" என்று ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் கம்பை விட்டுக் குடைந்தார். பைகளைக் கொட்டினார். பின்னால் போய் ஸ்டெப்னியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். புது மாப்பிள்ளையின் பையில் நசுங்கிய சூரியகாந்திப் பூ ஒன்று கிடைத்தது. மூட்டை கிடைக்கவில்லை.

வழிகாட்டியைக் கீழே கூப்பிட்டார்.

"எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கே? திருட்டுன்னு நான் எழுதினா உன் லைசென்ஸ் போச்சு. போலீஸ் வரும். அப்புறம் இந்த ஊர்ல நீ யாருக்கும் எதையும் சுத்திக் காட்ட முடியாது."

"ஒரு விதைகூட நாங்க எடுக்கல சார்."

"சரி. சூப்பர்வைசரைக் கூப்பிடறேன். உள்ள எல்லாத்தையும் எண்ணிப் பார்க்கட்டும்."

போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

அந்த சூப்பர்வைசர்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விதை பொறுக்கும் பெண்களைக் காட்டிப் பெருமைப்பட்டவர். "எல்லாம் மூணு வருஷ ஒப்பந்தம். போனும் கிடையாது, லீவும் கிடையாது. கேட்டைத் தாண்ட விட்டா திரும்பி வருவாளுங்களா, சொல்லுங்க?" தபால்காரரின் மனைவி அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் வழிகாட்டி. "வரும்போது நீங்க எடை பார்த்தப்ப நான் வண்டியிலயா இருந்தேன்? உங்க ஜன்னல்கிட்ட நின்னு கையெழுத்துப் போட்டுட்டு இருந்தேனே!"

எடைக்காரர் போனைக் கீழே வைத்தார். பதிவேட்டைப் புரட்டினார். கையெழுத்து இருந்தது. அவள் ஜன்னலோரம் நின்று பேனா கேட்டதும் ஞாபகம் வந்தது. எது முன்னால், எது பின்னால் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வண்டி பார்க்கிறவர்.

"அந்தத் தராசுல ஏறு" என்றார்.

மூட்டை நிறுக்கும் தராசு. செருப்போடு ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி நாற்பத்தொன்பதில் நின்றது.

"எடைமேடை பத்துப் பத்தாத்தான் காட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கத்தினார். "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பெரியவங்களை எல்லாம் திருடங்க மாதிரி நடத்திட்டேன்."

"பயத்துல தோணல சார்."

"போ, போ. ஏறு."

கேட் திறந்தது. வேன் வெளியே வந்ததும் இரும்புக் கதவு பின்னால் இழுத்து மூடப்பட்டது. பூட்டு விழுந்த சத்தம் வேனுக்குள்வரை கேட்டது.

வேன் இரண்டு வளைவு தாண்டியது. கடைசி இருக்கையில் தபால்காரரின் மனைவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒடுங்கியிருந்த, காலையில் வேனில் ஏறாத பெண், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வழிகாட்டியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மா இன்னும் இருக்காங்களா?"