கறுப்புக் கட்டம்

"இது வேணாம் தம்பி. எடுத்துகினு போயிடு" என்றார் ராஜமாணிக்கம்.

கம்பெனியில் சேர்ந்து ஸ்ரீவிஷ்ணு விற்ற முதல் கம்ப்யூட்டர் இது. திரும்பி வந்தால் அதோடு நீயும் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

திருத்தணி பஜாரில் ராஜமாணிக்கத்துக்கு நூல் கடை. கூட்டு வியாபாரம். பொதட்டூர்பேட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், அவர் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா புருஷன் எல்லப்பன். கிடங்கில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு டெலிபோன் லைனில் பேசும் பழைய டெர்மினல் ஒன்று இதுவரை கடையில் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. புது விண்டோஸ் கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இவருக்கு ஒரே பிடிவாதம், அந்தக் கறுப்புத் திரை இதிலும் வர வேண்டும்.

"போன தடவை போட்டுக் குடுத்தேனே சார்?"

"குடுத்தே. திரை மொத்தத்தையும் அடைச்சிகினு நின்னுச்சு. எனக்கு ஓரமா ஒரு கட்டத்துல வரணும். வேணாம்னா டக்குனு கீழ எறக்கணும்."

"ஸ்டாக் எல்லாம் புதுசுலயே இருக்கு சார். கிடங்குக் கணக்கை ஃப்ளாப்பில போட்டு பஸ்ல குடுத்தனுப்பினா போதும். லைனே தேவையில்லை."

"லைன் வேணும். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா பொட்டிய தூக்கிடு" என்று சொல்லிவிட்டு, வந்த வியாபாரியைக் கவனிக்க எழுந்து போனார்.

கணக்கு எழுதும் அனுராதா குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எல்லப்பன் ஐயா பேரு விட்டுப்போச்சுங்க. அதுல ஆரம்பிச்ச சண்டை. ரெண்டு பேரும் மலைக்குப் போயி, கற்பூரம் அணைச்சு சத்தியமே பண்ணிட்டாங்க, இனிமே ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்லன்னு. போன்ல கூட பேச மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இந்த லைன்?"

"பழசு இருந்தப்போ, நாங்க வீட்டுக்குக் கெளம்பினப்புறமும் தனியா ஒக்காந்துகினு அதையே பாத்துகினு இருப்பாரு. கிடங்குல இன்னா வருது, இன்னா போவுதுன்னு வேவு பாக்கறாரு போல."

சொந்த அக்கா புருஷனைக் கூட நம்பாத மனுஷனுக்கா நாம் இந்தப் பாடுபடுகிறோம் என்று ஸ்ரீவிஷ்ணுவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வேலை போய்விடுமே. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்று பையில் கிடந்தது. அதிலிருந்த டெர்மினல் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. இன்னொன்று மோடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியாகப் போட்டது ஸ்டாக் கணக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்தது. மோடம் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. பச்சை எழுத்து வந்தது.

"சார், வந்துடுச்சு."

ராஜமாணிக்கம் வேட்டி தடுக்க ஓடிவந்தார். கட்டத்தை இழுத்துப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார், மறுபடி மேலே ஏற்றினார்.

"ஆங், இதுதான். அனுராதா, நீ போயி தம்பிக்கு டீ சொல்லிட்டு வாம்மா."

டெலிபோன் ஒயர் லூசாகத் தொங்கியது. ஸ்ரீவிஷ்ணு மேஜைக்கு அடியில் புகுந்து அதை இறுக்கினான். தலைக்கு மேல், ஒற்றை விரலால் யாரோ ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

அவன் எழுந்தபோது, இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ் அந்தக் கட்டத்தில் தெரிந்தது.

'பாவா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?'

ராஜமாணிக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கீழே இன்னொரு வரி ஊர்ந்து வந்தது.

'போட்டேன் மச்சான். இத்தினி நாளா சேதியே காணோம், உனக்குத்தான் இன்னா ஆச்சோன்னு பயந்துகினு இருந்தேன்.'