இன்னொருத்தர்கிட்ட காட்டலாமா?

“கர்ப்பப்பை காலியா இருக்குக்கா. கரு இடதுபக்க டியூப்ல உட்கார்ந்திருக்கு” என்றாள் ஸ்கேன் பார்த்தவள்.

படுத்திருந்தவள் கூரையையே பார்த்தாள். “தவமா தவம் கிடந்து வந்ததும்மா. ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாமே? மெதுவா கீழே இறங்கிடாதா?”

“இறங்காதுக்கா. வளர்ந்து டியூப் வெடிச்சா உயிருக்கே உலை வச்சிடும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியாகணும்.”

“மெஷின் தப்பாக் காட்டலாம்ல?”

“புது மெஷின்க்கா.”

“அப்போ நீ தப்பாப் பார்த்திருப்பே. நேத்து வந்தவதானே!”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வயிற்றில் தடவிய ஜெல்லை மெல்லத் துடைத்துவிட்டாள்.

படுத்திருந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “நான் இன்னொருத்தர்கிட்ட காட்டிக்கிறேன்.”

“யார்கிட்டக்கா காட்டுவீங்க? ஸ்கேன்ல சந்தேகம்னா ஊர்ல இருக்கிற அத்தனை டாக்டரும் உங்ககிட்டதானே அனுப்புறாங்க!”

எழுந்தவள் பக்கத்து மேஜையில் இருந்த தன் கண்ணாடியை எடுத்தாள்.

“திரையை என் பக்கம் திருப்பு.”

“வேண்டாம்க்கா. இந்த மாதிரி கேஸ்ல அம்மாவுக்குத் திரையைக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

“அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். டாக்டருக்குக் காட்டு.”

திரை திரும்பியது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரம் ஓரமாக, நிதானமாகப் பார்த்தாள்.

“சரியாத்தான் பார்த்திருக்கே. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லு” என்றார் டாக்டர்.

அம்மா எதுவும் பேசவில்லை.